வேர் பற்றிய கல்முகம்: தா சோம் வாயிலை டயோராமாவாகச் செய்யும் முறை

கம்போடியாவின் அங்கோர் பகுதியில் தா சோம் என்றொரு சிறிய கோயில் இருக்கிறது. கெமர் மன்னன் ஏழாம் ஜெயவர்மன் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பிய பௌத்தக் கோயில்களுள் அதுவும் ஒன்று. அதன் வாயில்களின் மேல் நான்கு திசைகளையும் நோக்கிய பெரிய கல்முகங்கள் உள்ளன. கிழக்கு வாயிலின் உச்சியில், ஆலுக்கும் அரசுக்கும் உறவான ஒரு மரம் முளைத்து, கல்லைத் தழுவியபடி வேர்களைத் தரை வரை இறக்கியிருக்கும் காட்சியை அங்கோர் செல்பவர்கள் தேடிப் போய்ப் பார்க்கிறார்கள். அந்த வாயிலை முன்மாதிரியாகக் கொண்டு, 30 செ.மீ. சதுரப் பலகையின் மேல் ஒரு டயோராமா, அதாவது ஒரு காட்சியைச் சிறிய அளவில் அப்படியே காட்டும் மாதிரி, செய்வது எப்படி என்பதை, இதுவரை களிமண்ணைக் கையில் எடுத்திராதவரும் செய்து முடிக்கும் வகையில் இங்கே விளக்குகிறேன். மாலை வேளைகளில் மட்டும் வேலை செய்தால், உலரும் நேரத்தையும் சேர்த்து ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும்.

இடிபாடுகளைச் செய்யத் தொடங்குபவர்களில் பலரும் முதல் நாளே கல்லை உடைக்கவும் பச்சை வண்ணம் பூசவும் தொடங்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்த மாதிரி அழுக்கேறியதுபோல் தோன்றுமே தவிர, பழையதாகத் தோன்றாது. ஒரு பழைய கட்டடத்தில் நாம் காணும் ஒவ்வொரு விரிசலுக்கும் கறைக்கும் ஒரு காரணம் உண்டு; அவை ஒரு வரிசையில் நேர்ந்தவை. முதலில் கல் அடுக்கப்பட்டது, பின்பு முகம் செதுக்கப்பட்டது, மழை பெய்தது, இடுக்கில் விதை விழுந்தது, வேர் தடித்தது, கல் நகர்ந்தது, பாசி படர்ந்தது, இலை உதிர்ந்தது. மாதிரியையும் இதே வரிசையில் செய்ய வேண்டும் என்பதே இக்கட்டுரை முழுவதற்கும் அடிப்படை.

அளவைத் தீர்மானித்தல்

அளவு விகிதத்தை முதலிலேயே முடிவு செய்து, ஒரு தாளில் எழுதிக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் ஒட்டி வைக்க வேண்டும். நான் பரிந்துரைப்பது 1:30. முகத்தின் உயரம் 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மாதிரியில் அது 7 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக வரும்; விரல்களால் செதுக்குவதற்கு இதைவிடச் சிறியதாக இருந்தால் தொடக்கநிலையினருக்குக் கண்ணும் இதழும் பிடிபடாது. 40 செ.மீ. உயரமுள்ள ஒரு கல் 13 மி.மீ. ஆகும். 15 செ.மீ. நீளமுள்ள ஓர் இலை 5 மி.மீ. ஆகும். இந்த இலைக் கணக்கைப் பலர் மறந்துவிடுவதால், முழு வேப்பிலை ஒன்றைத் தரையில் போட்டு, மொத்த வாயிலையும் பொம்மை வீடாக்கிவிடுகிறார்கள்.

மரத்தின் உயரம் மட்டும் இந்தக் கணக்குக்குள் அடங்காது. 30 மீட்டர் மரத்தை 1:30 அளவில் செய்தால் 1 மீட்டர் உயரம் வேண்டும். ஆகவே முழு மரத்தைச் செய்யும் எண்ணத்தை விட்டுவிட்டு, வேர்களையும் அடிமரத்தையும் மட்டும் செய்து, 30 செ.மீ. உயரத்தில், மாதிரியை மூடும் பெட்டிச் சட்டத்தின் மேல்விளிம்புக்குள் மரம் மறைந்துபோகுமாறு அமைக்க வேண்டும். மேலே கிளை தெரியாததால், பார்ப்பவர் மனத்தில் மரம் உண்மையான உயரத்துக்கு வளர்ந்துகொள்கிறது.

அடித்தளத்துக்கு 12 மி.மீ. பிளைவுட் போதும். ஈரப் பசையும் மண்ணும் ஒரு பக்கம் மட்டும் ஏறினால் பலகை வளையும். எனவே இரண்டு பக்கமும் விளிம்புகளும் நனையும்படி எனாமல் அல்லது மர வார்னிஷை இரண்டு முறை பூசி, முழுதாகக் காய விட்ட பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். வாயிலைப் பலகையின் நடுவில் வைக்காதீர்கள். இடப்புறமாக மூன்றில் ஒரு பங்கு தள்ளி, சற்றுத் திருப்பி வைத்தால், வலப்புறத்தில் சரிந்த கற்கள் கிடப்பதற்கும் காடு நெருங்குவதற்கும் இடம் கிடைக்கும்.

முகம்

முழு வேலையிலும் அதிக நேரம் கொடுக்க வேண்டிய பகுதி இதுவே. கெமர் கோபுரங்களின் முகம் தனி ஒரு பாறையில் செதுக்கிச் சுமந்து ஏற்றிய சிலை அல்ல. மணற்கற்களைச் சாந்து இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பிறகு, அந்த அடுக்கின் மீதே சிற்பிகள் முகத்தைச் செதுக்கினார்கள். அதனால்தான் கற்களின் இணைப்புக் கோடுகள் மூக்கின் குறுக்கேயும் இதழின் நடுவிலும் கன்னத்தின் மேலும் ஓடுகின்றன. இந்தக் கோடுகள் இல்லாத முகத்தை எவ்வளவு அழகாகச் செய்தாலும் அது தா சோம் முகமாகவோ, அங்கோரின் மற்றொரு முகக்கோபுரக் கோயிலான பாயோனின் முகமாகவோ ஆகாது.

அலுமினியத் தாளைக் கசக்கி, உறுதியாக அழுத்தி, 6 செ.மீ. உயரமுள்ள முட்டை வடிவ உருண்டை செய்யுங்கள். பின்பக்கத்தை மேசையில் தட்டித் தட்டையாக்குங்கள். அந்தப் பக்கம் கோபுரத்தோடு ஒட்ட வேண்டியது. இதன் மேல் காற்றில் உலரும் களிமண்ணை 5 மி.மீ. கனத்துக்குப் பரப்ப வேண்டும். கனம் எங்கும் ஒரே அளவாக இருக்க வேண்டியது மிகவும் முக்கியம், ஏனென்றால் இந்தக் களிமண் உலரும்போது சுருங்குகிறது. தடித்த இடமும் மெலிந்த இடமும் வெவ்வேறு வேகத்தில் சுருங்கினால் எல்லையில் பிளவு விழும். நான் செய்த முதல் முகத்தை விரைவில் உலர்த்துவதற்காக மொட்டைமாடி வெயிலில் வைத்தேன். இரண்டு மணி நேரத்தில் இடக் கன்னத்திலிருந்து முகவாய் வரை ஒரு பிளவு ஓடிவிட்டது. இடிபாடுதானே என்று அதை அப்படியே விட முடியவில்லை, ஏனென்றால் கல் பிளக்கும் விதம் வேறு, களிமண் பிளக்கும் விதம் வேறு. செதுக்கி முடித்த பிறகு, நிழலில், மேலே ஈரத் துணி தொடாமல் கவிந்திருக்க, இரண்டு நாள் உலர விடுவதே சரியான முறை.

செதுக்குவதற்குப் பல்குத்தி, ஐஸ்கிரீம் குச்சி, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா, நனைத்த மெல்லிய தூரிகை ஆகியவை போதும். மேசை விளக்கைத் தலைக்கு மேலே, சற்று முன்னால் வையுங்கள். காட்டில் ஒளி மேலிருந்துதான் இறங்குகிறது. இமையின் கீழும் இதழின் கீழும் விழும் நிழலே முகத்தின் உணர்ச்சியைத் தீர்மானிக்கிறது. பக்கவாட்டு ஒளியில் செதுக்கி முடித்த முகத்தை மேல் ஒளியில் வைத்தால், சிரிப்பு மறைந்து சினம் தெரிவதுண்டு.

முதலில் முகத்தின் நடுவே ஒரு நேர்க்கோடு இழுத்து, அதை ஒட்டி மூக்கை ஆப்பு வடிவில் ஏற்றுங்கள். இந்த முகங்களின் நெற்றி, மேலே மகுடப்பட்டை இறங்கியிருப்பதால் குறுகலாகத் தெரியும், மூக்கு அகலமானது, புருவம் இரண்டு வில்லாக வளையாமல் கிட்டத்தட்ட ஒரே கோடாக நீண்டு செல்லும். கண்ணுக்கு ஒரு கடுகைவிடச் சற்றுப் பெரிய உருண்டையைத் தட்டையாக்கி வைத்து, அதன் மேல் நூல்போல் உருட்டிய களிமண்ணை இமையாகப் படுக்க வையுங்கள். இமையின் கீழ்விளிம்பு கீழ்நோக்கி மெல்ல வளைய வேண்டும். விழி திறந்து நேராகப் பார்க்கும்படி செய்தால் அமைதி கலைந்துவிடும்.

இதழ்தான் இந்த முகத்தின் உயிர். தடித்த இரண்டு நூல்களை உருட்டி, மேலிதழ் நடுவில் சற்றுக் குழியும்படி வையுங்கள். வாயின் அகலம் மூக்கின் அகலத்தைத் தாண்டி, இரு கண்களின் நடுப்புள்ளிக்கு நேர் கீழே வரை செல்லட்டும். பிறகு நனைத்த தூரிகையின் அடிக்கட்டையால் இரண்டு முனைகளையும் 1 மி.மீ. மட்டும் மேலே தூக்குங்கள். 2 மி.மீ. தூக்கினால் அது சிரிக்கும் பொம்மை. தூக்காமலே விட்டால் உறங்கும் மனிதன். இந்த ஒரு மில்லிமீட்டருக்காக நான் ஒரு மாலை முழுவதையும் செலவிட்டிருக்கிறேன்; அந்த நேரம் வீணாகவில்லை. காது மடல்களை நீளமாக, தோள்மட்டம் வரை தொங்கும் தோரணையில் பக்கவாட்டில் ஒட்டி, தலையின் மேல் தாமரை இதழ் அடுக்கு கொண்ட மகுடத்தை எளிய வரிகளாகக் காட்டினால் போதும்.

இனி இணைப்புக் கோடுகள். களிமண்ணின் பச்சை ஈரம் போய், நகத்தால் அழுத்தினால் மட்டும் தடம் விழும் பதத்துக்கு வந்தபோது, 13 மி.மீ. இடைவெளியில் படுக்கைக் கோடுகளை மெல்லிய பிளேடால் கீறுங்கள். இந்தக் கோடுகள் முகத்தின் அங்கங்களை மதிக்கக் கூடாது. ஒரு கோடு மூக்கு நுனியைக் கடந்து போனால் போகட்டும். நிற்கும் கோடுகளைச் செங்கல் சுவர்போல் ஒழுங்காக மாற்றி மாற்றி இட வேண்டாம். கெமர் கட்டடங்களில் ஓர் அடுக்கின் செங்குத்து இணைப்பும் அடுத்த அடுக்கின் இணைப்பும் ஒரே நேரில் வந்துவிடும் இடங்கள் பல உண்டு. கட்டடம் பிளந்து சரிவதற்கு அதுவும் ஒரு காரணம். அத்தகைய நீண்ட செங்குத்துக் கோடு ஒன்றை வலக் கன்னத்தின் ஓரமாக இட்டு, அந்தப் பக்கத்துக் கல் ஒன்றை மட்டும் முழுதாக வெட்டி எடுத்து, 1 மி.மீ. வெளியே நகர்த்தி மீண்டும் ஒட்டுங்கள். பின்னர் அந்த இடைவெளியில்தான் வேர் நுழையப் போகிறது.

முகத்தைக் கோபுரத்தில் பொருத்தாமல் தனித் தலையாகத் தரையில் கிடத்தினால் கண்ணைக் கவரும் என்று சிலர் எண்ணுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கற்களாக அடுக்கிய முகம் விழுந்தால் துண்டு துண்டாகச் சிதறுமே தவிர, முழுத் தலையாக உருண்டு வராது. மேலும், அங்கோர் பகுதியில் எத்தனையோ சிலைகளின் தலைகள் விற்பனைக்காக வெட்டித் திருடப்பட்டிருக்கின்றன. கம்போடிய மக்களுக்குத் தலையில்லாத உடலும் உடலில்லாத தலையும் அந்தக் கொள்ளையை நினைவூட்டுபவை. வணங்கப்பட்ட ஒரு முகத்தை அதற்குரிய உயரத்திலேயே வைப்பது நம் கடமை என்று கருதுகிறேன்.

வாயிலும் கற்களும்

கற்களுக்கு, மொட்டைமாடியில் வெப்பம் தடுக்கப் பதிக்கும் அடர்த்தியான ஃபோம் பலகை மிகவும் பொருத்தமானது. குளிர்சாதனப் பெட்டியின் பொதியில் வரும் தெர்மாகோல் மணிமணியாக உதிரும். வெட்டுமுகம் கல்லைப்போல் இராது. வேறு வழியில்லாவிட்டால், தெர்மாகோலின் மேல் வால் புட்டியும் ஃபெவிகாலும் கலந்த பூச்சைப் பூசிச் சமாளிக்கலாம். புதிய பிளேடைப் பயன்படுத்தி, ஒரே இழுப்பில் அறுக்காமல், மூன்று நான்கு மெல்லிய இழுப்புகளில் அறுத்தால் விளிம்பு கிழியாது. சூடான கம்பியால் அறுப்பவர்கள் சன்னல்களைத் திறந்து வைத்து, மின்விசிறியை வெளிப்பக்கம் வீசச் செய்துகொள்ள வேண்டும்; அந்தப் புகை உடலுக்குக் கெடுதல்.

13 மி.மீ. உயரமுள்ள பட்டைகளாக அறுத்து, அவற்றை 2 முதல் 4 செ.மீ. வரை வெவ்வேறு நீளங்களில் துண்டாக்குங்கள். அலுமினியத் தாள் உருண்டை ஒன்றை ஒவ்வொரு கல்லின் மேலும் உருட்டி அழுத்தினால் மணற்கல்லின் சொரசொரப்பு வந்துவிடும். சில கற்களின் முகத்தில் மட்டும் பல்குத்தியால் 1 மி.மீ. துளைகள் இரண்டிரண்டாக இடுங்கள். அங்கோர்க் கற்களில் இத்தகைய வட்டத் துளைகளை எங்கும் காணலாம். கற்களைத் தூக்கி நகர்த்துவதற்காகக் கட்டை செருகிய துளைகள் அவை. பார்ப்பவர் பெரும்பாலும் காரணம் கேட்கமாட்டார், ஆனால் அந்தத் துளைகள் இருக்கும் சுவர் கைபட்ட சுவராகத் தெரியும்.

வாயிலின் திறப்பு 4 செ.மீ. அகலம், 7 செ.மீ. உயரம் இருக்கட்டும். கெமர் கட்டடக் கலைஞர்கள் உண்மையான வளைவைக் கட்டவில்லை. இருபுறமும் ஒவ்வொரு அடுக்கையும் சற்றே முன்னால் நீட்டி நீட்டி, உச்சியில் சேர்த்து மூடினார்கள். நாமும் உட்கூரையை அப்படியே படிப்படியாக நீட்டிச் சேர்க்க வேண்டும். அதன் மேல் முகம், அதற்கு மேல் குறுகிச் செல்லும் இரண்டு மூன்று அடுக்குகள் என மொத்த உயரம் 24 செ.மீ. அளவில் முடியும். முதல் முயற்சியில் நான்கு முகங்களையும் செய்ய வேண்டியதில்லை. முன்முகத்தை முழுதாகச் செய்து, பக்கமுகம் ஒன்றின் கண்ணும் கன்னமும் மட்டும் வேருக்கு இடையே தெரியும்படி விட்டுவிடலாம்.

வாயிலை முதலில் முழுமையாகக் கட்டி முடியுங்கள். பிறகுதான் இடிக்க வேண்டும். வலப்புறச் சுவரின் மேலிருந்து ஏழெட்டுக் கற்களைக் கையால் பெயர்த்து எடுத்து, அதே கற்களைச் சுவரின் அடியில் சரிவாகக் கிடத்துங்கள். சுவரில் எத்தனை கல் குறைகிறதோ, ஏறத்தாழ அத்தனை கல் கீழே கிடக்க வேண்டும். கற்கள் சுவரடியில் குவிந்தும், தொலைவு செல்லச் செல்லக் குறைந்தும் கிடக்கும். விழுந்த கல் ஒன்றின் மூலை உடைந்திருந்தால், அந்தச் சில்லும் பக்கத்திலேயே கிடக்கட்டும். இந்தக் கணக்கு பொருந்தும்போது, எந்த விளக்கமும் இல்லாமலே பார்ப்பவருக்குச் சுவர் சரிந்த கணம் புரிந்துவிடுகிறது.

வேர்

நம் ஊரில் பழைய மதிலின் இடுக்கில் முளைத்த அரசங்கன்றைப் பார்த்திருப்பீர்கள். வேர் செய்யத் தொடங்கும் முன் அப்படி ஒரு கன்றின் அருகே போய்ப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். எந்தப் புகைப்படமும் அவ்வளவு கற்றுக்கொடுக்காது. பறவையோ வௌவாலோ பழத்தைத் தின்று எச்சமிட்ட இடத்தில், உயரத்தில், மண்ணே இல்லாத இடுக்கில் விதை முளைக்கிறது. வேர் மண்ணைத் தேடி இணைப்புக் கோடுகளின் வழியே கீழே இறங்குகிறது. கல்லின் மேல் படியும்போது தட்டையாகப் பரவுகிறது. இடுக்கில் நுழையும்போது ஒடுங்குகிறது. மண்ணைத் தொட்ட பிறகு தடிக்கத் தொடங்கி, குறுக்கே வந்த இன்னொரு வேரோடு ஒட்டி ஒன்றாகிவிடுகிறது. அப்படித் தடிக்கும்போதுதான் கல்லை நெம்பித் தள்ளுகிறது. அதே வேர், தான் தள்ளிய கல்லை விழவிடாமல் கட்டியும் பிடிக்கிறது. அங்கோரின் தா ப்ரோம் கோயிலில் சில மரங்களை அகற்ற முடியாமல் இருப்பதற்கு இதுவும் காரணம். 1186ஆம் ஆண்டு நிறுவிய அந்தக் கோயிலைப் பிரெஞ்சுத் தொல்லியலாளர்கள் பெருமளவுக்குக் காட்டோடு சேர்த்தே விட்டுவைத்தார்கள்.

கட்டட வேலையில் பயன்படும் கட்டுக்கம்பியை 35 செ.மீ. நீளத்தில் இருபத்து நான்கு துண்டுகளாக வெட்டி, ஒரு முனையில் 8 செ.மீ. வரை முறுக்கிக் கட்டுங்கள். இதுவே அடிமரம். மீதிக் கம்பிகளை மூன்று நான்காகச் சேர்த்து முறுக்கி, பிரிந்து, மீண்டும் சேரும் வேர்களாக்குங்கள். இந்தக் கட்டமைப்பைக் கோபுரத்தின் இடத்தோளில் அமர்த்தி, ஒவ்வொரு வேரையும் விரலால் அழுத்தி இணைப்புக் கோடுகளில் படியவையுங்கள். ஒரு வேர் மகுடத்தின் விளிம்பைச் சுற்றி, காதின் பின்னால் இறங்கி, நாம் 1 மி.மீ. நகர்த்தி வைத்த கன்னக் கல்லின் இடுக்குக்கு வந்து சேரட்டும். இரு கண்களையும் இதழையும் மட்டும் எந்த வேரும் தொடக் கூடாது என்பது என் விதி.

தண்ணீரும் ஃபெவிகாலும் சம அளவில் கலந்து, டிஷ்யூ தாளைக் கீற்றுகளாக நனைத்துக் கம்பிகளின் மேல் சுற்றுங்கள். ஈரம் காய்வதற்குள் கல்லோடு சேர்த்து அழுத்தினால் வேர் தட்டையாகப் படியும். காய்ந்த பிறகு அழுத்தினால் வேர் கல்லின் மேல் குழாய்போல் துருத்திக்கொண்டு நிற்கும். மறுநாள், சலித்த மரத்தூளும் வால் புட்டியும் ஃபெவிகாலும் சேர்த்துக் குழைத்த பூச்சைத் தூரிகையால் வேரின் நீளவாக்கில் இழுத்துப் பூசுங்கள். தூரிகைத் தடமே பட்டையின் வரியாகிவிடும். தரையைத் தொடும் நுனிகளில் மட்டும், கயிற்றிலிருந்து பிரித்த தேங்காய் நார்களை ஒட்டி, மண்ணுக்குள் போவதுபோல் முடியுங்கள்.

வண்ணம்

ஸ்பிரே வண்ணத்தை ஃபோம் அல்லது தெர்மாகோலின் மேல் நேரடியாக அடிக்கக் கூடாது. அதிலுள்ள கரைப்பான் அதை அரித்துவிடும்; பல நாள் உழைப்பு சில நொடிகளில் குழிவிழுந்து போகும். கருப்பும் பழுப்பும் கலந்த அக்ரிலிக் வண்ணத்தில் கால் பங்கு ஃபெவிகால் சேர்த்து, எல்லா இடுக்கிலும் புகும்படி தூரிகையால் பூசுவதே பாதுகாப்பான அடிப்பூச்சு. இது ஃபோமை மூடி உறுதியாக்குவதோடு, இடுக்குகளுக்கு நிரந்தர நிழலையும் தருகிறது.

அங்கோர் மணற்கல்லின் நிறம் ஒரே சாம்பல் அல்ல. பசுமை கலந்த சாம்பலும் மஞ்சள் கலந்த பழுப்பும் அடுத்தடுத்த கற்களிலேயே மாறி வரும். நடுத்தரச் சாம்பலைப் பஞ்சுத் துண்டால் ஒற்றி ஒற்றிப் பூசி, அது காய்ந்ததும் நான்கில் ஒரு கல்லுக்கு மஞ்சள் காவியை மெலிதாகவும், வேறு சில கற்களுக்குப் பச்சை கலந்த சாம்பலையும் கொடுங்கள். பிறகு கரும்பழுப்பை நிறைய நீர் சேர்த்து நீர்க்கச் செய்து வாஷாக ஓடவிட வேண்டும். மாதிரியை நிமிர்த்தியே வைத்து, வாஷ் தானாகக் கீழே வழிய விடுங்கள். கடைசியாக வெளிர்சாம்பலைத் தூரிகையில் தொட்டு, பழைய துணியில் கிட்டத்தட்ட முழுதும் துடைத்துவிட்டு, விளிம்புகளில் மட்டும் டிரை பிரஷ் செய்யுங்கள். மூக்கு நுனி, புருவம், கீழிதழ் ஆகியவை அப்போது வெளியே வரும். அந்தக் கணத்தில்தான் முகம் விழிக்கிறது என்று சொல்லத் தோன்றும்.

இதன் பிறகு வருவது மழையின் வேலை. கம்போடியாவில் மே முதல் அக்டோபர் வரை பருவமழை. அந்த நீர் மகுடத்தின் விளிம்பிலிருந்து சொட்டி, கண்ணின் ஓரமாக வழிந்து, முகவாயில் தேங்கிச் சொட்டுகிறது. நீர் அடிக்கடி ஓடும் பாதையில் கரும்படலம் படிகிறது. எனவே கறுப்புக் கறையை விரும்பிய இடத்தில் பூசாமல், ஒரு துளி நீரை மகுடத்தில் விட்டு, அது எந்த வழியாக இறங்குகிறது என்று பார்த்து, அதே வழியில் கருவண்ணத்தை ஓடவிடுங்கள். புருவத்தின் அடி, மூக்கின் அடி, வாயிலின் உட்புறம் ஆகியவை மழை படாத இடங்கள். அங்கே கல்லின் பழைய நிறம் அப்படியே தெரிய வேண்டும். பாறைப்பூ எனப்படும் வெளிறிய வட்டத் திட்டுகள், ஒளியும் காற்றும் படும் மேல்முகங்களில் வளர்கின்றன. வெள்ளையில் துளி பச்சையும் சாம்பலும் கலந்து, பழைய டூத்பிரஷை விரலால் சுண்டித் தெறித்தால் அவை வந்துவிடும். பாசி இதற்கு மாறாக ஈரம் தேங்கும் படிகளிலும், தரையை ஒட்டிய கற்களிலும், வேரின் மேல்முதுகிலும் அமர்கிறது. வேரின் நிறத்தைக் கல்லைவிட ஒரு படி வெளிறியதாக, சாம்பலும் சந்தன நிறமும் சேர்ந்ததாக வைத்தால் இரண்டும் கலந்து மங்காது.

தரை

செம்மண்ணைச் சலித்து, பழைய வாணலியில் பத்து நிமிடம் வறுத்து ஆறவிடுங்கள்; பூச்சி முட்டையும் பூஞ்சையும் பெருமளவு அழிந்துவிடும். அங்கோர்க் கட்டடங்களின் மதில்களுக்கும் அடித்தளங்களுக்கும் செம்புரைக்கல் அதிகம் பயன்பட்டதால், தரையில் செந்நிறம் தெரிவது பொருத்தமே. மண்ணைத் தூவிய பின் தண்ணீரை மென்புகையாகத் தெளித்து, ஃபெவிகால் ஒரு பங்கும் தண்ணீர் இரண்டு பங்கும் சேர்த்து, அதில் பாத்திரம் துலக்கும் திரவம் இரண்டு துளி விட்டு, மருந்துச் சொட்டுக்குழாயால் இடவேண்டும். அந்தத் திரவம் இல்லாவிட்டால் பசை மண்ணின் மேலேயே முத்தாக நின்று, உருண்டு, தூவியதைக் கலைத்துவிடும்.

உதிர்ந்த இலைகளுக்குக் காய்ந்த சருகை மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று விட்டு, தேநீர் வடிகட்டியில் சலித்து, தூளாக விழுந்ததை ஒதுக்கி, மேலே தங்கியவற்றில் 5 மி.மீ.க்கு மேல் உள்ளவற்றைப் பொறுக்கி நீக்குங்கள். இலைகள் சீராகப் பரவுவதில்லை. காற்று கொண்டுபோய்ச் சேர்க்கும் சுவர்மூலைகளிலும், வேரின் கவட்டிலும், வாயிற்படியிலும் குவிகின்றன. கொதித்த தேயிலைத் தூளை மக்கிய சருகாகப் பயன்படுத்தலாம், ஆனால் பலமுறை கழுவி, வெயிலில் நன்கு உலர்த்தி, மண்ணைப்போலவே வறுத்த பிறகுதான். பாசிக்கு உண்மைப் பாசியை நான் பரிந்துரைப்பதில்லை. சில மாதங்களில் சுருங்கிப் பழுப்பாகிறது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சின் மென்பகுதியைப் பொடியாக நறுக்கி, இரண்டு வகைப் பச்சை அக்ரிலிக்கில் ஊறவைத்து உலர்த்தினால் பல ஆண்டு நிற்கும். மஞ்சள் தூள் போன்ற சமையலறை நிறங்கள் ஒளி பட்டால் வெளிறிவிடும், அவை வேண்டாம்.

எல்லாம் காய்ந்த பிறகு, முழு மாதிரியின் மேலும் பளபளப்பில்லாத அக்ரிலிக் வார்னிஷைத் தூரிகையால் மெலிதாகப் பூசுங்கள். ஒரு மனித உருவத்தை வைக்க விரும்பினால் அது 5.5 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது; வாயிலுக்குள் அல்லாமல், விழுந்த கற்களின் அருகே, முகத்தை அண்ணாந்து பார்க்கும் நிலையில் அதை வைத்தால் முகத்தின் உயரம் உடனே புலப்படும். தூசி படியாமல் இருக்கக் கண்ணாடி அல்லது அக்ரிலிக் பெட்டியால் மூடுங்கள். பூச்சிக்காகப் பெட்டிக்குள் அந்துருண்டை போட்டு வைக்காதீர்கள், அதன் ஆவி ஃபோமை இளக்கிவிடும். அதற்குப் பதிலாகச் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் பின்மூலையில், மரத்தின் மறைவில் வைத்து, முதல் மழைக்காலம் முடியும் வரை வாரம் ஒருமுறை பெட்டியைத் திறந்து, சருகுக் குவியல்களின் அடியில் வெண்பூஞ்சை தெரிகிறதா என்று கைவிளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். தெரிந்தால் அந்தக் குவியலை மட்டும் கிள்ளி எடுத்துவிட்டு, புதிய சருகை வறுத்து அந்த இடத்தில் ஒட்டிவிடலாம்.